32 என்னும் பொய்: திருப்புளியும் கல்விப்புலமும்

ஆய்வுக்கூடத்துக்கோ விடுதி அறைக்கோ ஒரு திருப்புளி வேண்டும் என்ற நிலை வந்ததும் மும்பையின் கல்வி வளாகங்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. ஒளிபுகும் மூடியும், நடுவே குட்டையான ஒரு கைப்பிடியும், அதைச் சுற்றிப் பல் வரிசைபோல் முனைகளும் அடுக்கப்பட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்குகிறார்கள். பெட்டியின்மேல் 31, 32, 41 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட அறிவார்ந்த தேர்வு என்று கருதப்படுகிறது. ஒரு நூலின் தரத்தை அதன் பக்க எண்ணிக்கையால் அளப்பவரைக் கண்டு நகைக்கும் அதே கல்விப்புலம், ஒரு கருவியின் தரத்தை அதன் துண்டு எண்ணிக்கையால் அளக்கும்போது மட்டும் தன் நகைப்பை எங்கோ வைத்துவிட்டு வருகிறது.

அந்த 32-ஐ ஒருமுறை பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரே வடிவம் இரண்டு மூன்று அளவுகளில் திரும்பத் திரும்ப வரும். முக்கோண முனை, இரு கவர் முனை என்று எந்த வீட்டிலும் எந்த ஆய்வுக்கூடத்திலும் எதிர்ப்படாத வடிவங்கள் எண்ணிக்கையை நிரப்பும். பெரும்பாலான முனைகளின் உடலில் அளவோ வகையோ பொறிக்கப்பட்டிருக்காது. அன்றாடம் தேவைப்படும் ஒற்றை முனை முதல் மழைக்காலம் முடிவதற்குள் மழுங்கும். அது மழுங்கியபின் மீதி 31-ம் பெட்டியின் அழகுக்கு மட்டுமே. இதைக் கருவி என்று சொல்வது, சொற்பொருள் இல்லாத அகராதியை அகராதி என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் இக்கருவியின் பெயர் திருப்புளி. திருப்பு என்பதோடு உளி சேரும்போது நிலைமொழி ஈற்றின் உகரம் கெட்டு, திருப்ப் + உளி என்றாகித் திருப்புளி பிறக்கிறது. இதில் புளிக்கு இடமில்லை. வகுப்பறைகளில் ஆண்டுதோறும் யாராவது சிரிப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு மொழியின் தூர்னவீஸ் ‘திருகாணியைத் திருப்புவது’ என்று பொருள்படும். மும்பைக் கடைகளில் வழங்கும் பேச்கஸ், பாரசீக வழி வந்த ‘பேச்’ என்னும் திருகைக் குறிக்கும் சொல்லோடு ‘கஸ்’ சேர்ந்தது. இந்தி பேசுவோர் காதில் அது ‘இறுக்கு’ என்றே ஒலிக்கிறது. ஜெர்மன் மொழியில் பேச்சு வழக்கு ‘திருகாணியை இழுப்பது’ என்று சொல்ல, தரநிலை ஆவணங்களோ ‘திருகாணியைத் திருப்புவது’ என்ற சொல்லையே ஏற்றுக்கொண்டன. இவையெல்லாம் செயலையும் திருகாணியையும் பார்க்கின்றன. தமிழ்ச் சொல்லில் உளி இருக்கிறது. அதாவது இக்கருவியின் உயிர் அதன் முனையில் உள்ளது என்ற அறிவு அதன் பெயரிலேயே பதிந்திருக்கிறது. மழுங்கிய உளியைக் கையில் எடுக்கும் தச்சர் இல்லை. மழுங்கிய திருப்புளியை எடுக்கும் முனைவர்கள் ஏராளம்.

பொருத்தம் என்றால் என்ன என்பதில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. இந்தியப் பட்டறைகளில் குறுக்கு வெட்டுள்ள திருகாணிக்கு வழங்கும் பெயர் ‘ஸ்டார்’. சில இடங்களில் ‘ப்ளஸ்’. ஒற்றை வெட்டுள்ளது ‘மைனஸ்’ அல்லது ‘சப்பை’. ‘பையா, ஸ்டார் தேனா’ என்றால் கடைக்காரர் ‘படா யா சோட்டா?’ என்று மட்டும் கேட்பார். உரையாடல் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது ஃபிலிப்ஸ். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றுப் பரப்பிய வடிவம். அதன் சிறகுகள் முனையை நோக்கிச் சரிந்து ஒடுங்குவதால், முறுக்கு கூடும்போது முனை மேலே ஏறி வழுக்கி வெளியேறப் பார்க்கும். இரண்டாவது, 1960-களில் வந்த போசிட்ரிவ். சிறகுகளின் பக்கங்கள் ஏறத்தாழ இணையாக இருக்கும். திருகாணியின் தலையில் பெரிய குறுக்குக்கு இடையே 45 பாகையில் மெல்லிய நான்கு கோடுகள் தெரியும். ஐ.எஸ்.ஓ. 4757 தரநிலை ஃபிலிப்ஸை எச் வகை என்றும் போசிட்ரிவை இசட் வகை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாவது ஜப்பானியத் தரநிலையான ஜே.ஐ.எஸ். வடிவம். பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருக்கும். பல நேரங்களில் தலையில் ஒரு சிறு புள்ளி மட்டுமே அடையாளம். ஃபிலிப்ஸ் முனை அதன் அடிவரை அமராது. சற்று மேலேயே தொங்கி நிற்கும். அழுத்தித் திருகினால் உலோகத்தைச் சுரண்டிக்கொண்டு சுழலும்.

தமிழ் கற்பிக்கும் எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்க முடியாது. லகர, ளகர, ழகரங்களைப் பயிலாத காது மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறது. அதற்காக அவை ஒன்றாகிவிடுவதில்லை. விலை, விளை, விழை மூன்றும் வெவ்வேறு சொற்களாகவே நிற்கின்றன. ‘ஸ்டார்’ என்பது மயங்கொலி. பிறர் ழகரத்தைத் தவறாக ஒலித்தால் பதறிப்போகும் புலமை, ஃபிலிப்ஸ் முனையைப் போசிட்ரிவ் தலையில் செருகித் திருகிவிட்டு ‘இந்த ஸ்க்ரூ சரியில்லை’ என்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இவ்வடிவங்கள் அயல்நாட்டு வினோதங்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. 1984-இல் தொடங்கிய ஹீரோ ஹோண்டா, அதே காலத்தில் வந்த டிவிஎஸ்-சுசூகி, யமஹா ஆர்.எக்ஸ்.100 என ஜப்பானியக் கூட்டில் உருவான இருசக்கர வண்டிகள் இந்நாட்டின் தெருக்களை நிரப்பின. அவற்றின் எந்திர உறைத் திருகாணிகளின் தலை தேய்ந்து வட்டமாகிப்போனதையும், மெக்கானிக் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை எடுத்து வந்ததையும் கண்டவர்கள் பலர். செம்பூரின் அடுக்ககங்களில் அண்மையில் அமைந்த சமையலறை அலமாரிக் கதவுகளைத் திறந்து, உள்ளே மறைந்திருக்கும் கீல்களைப் பார்க்கலாம். ஐரோப்பிய முறைக் கீல்களில் கதவின் சாய்வைச் சரிசெய்யும் திருகாணி பெரும்பாலும் போசிட்ரிவ் 2. 2020 டிசம்பரில் நவி மும்பையின் துர்பேயில் திறந்த ஐகியா கடையிலிருந்து சுமந்து வந்த மேசையிலும் அதுவே எதிர்ப்படும். 32 முனைப் பெட்டிகள் பலவற்றில் போசிட்ரிவ் இருக்காது. இருந்தாலும் எது அது என்று பொறித்திருக்காது. எண்ணிக்கையின் இலட்சணம் இவ்வளவுதான்.

‘மரை கழன்றவன்’ என்று தமிழில் ஒரு வசை உண்டு. உண்மையில் மரை கழல்வது அரிது. முதலில் போவது தலை. முனை பொருந்தாமல் ஒருமுறை வழுக்கினால் வெட்டின் விளிம்பு நசுங்கும், இரண்டாம் முறை அது சரிவாகும், மூன்றாம் முறை வட்டக் குழியாகும். அதன்பின் அந்தத் திருகாணி திறக்காது. திறக்காத கருவி பழுதுபார்க்கப்படாது. பழுதுபார்க்கப்படாதது பழைய பொருளாகி எடைக்குப் போகும்.

எடைக்குப் போகும் வழி எது என்பது மும்பையில் எல்லாருக்கும் தெரியும். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் வகைபிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, கழுவப்பட்டு, மீண்டும் மணிகளாக உருக்கப்படுகிறது. அரைக்கும் எந்திரத்தின் கத்திக்கு இரும்பு ஆகாது. எனவே உறைக்குள் சிக்கிய ஒவ்வொரு திருகாணியும் அரைப்பதற்கு முன் யாரோ ஒருவர் கையால் வெளியே வந்தாக வேண்டும். திருப்புளியால் வராதது சுத்தியலால் வரும். சுத்தியலால் வரும்போது சில்லுகளும் கூடவே பறக்கும். விடுதி அறையில் மட்டமான முனையால் தலை தேய்க்கப்பட்ட திருகாணியின் மிச்சக் கணக்கு, சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரின் விரல்களில் தீர்க்கப்படுகிறது. ‘சாதாரண ஸ்க்ரூ டிரைவர்தானே’ என்ற சொல் அந்த விரல்கள்வரை நீளவில்லை.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தாராவியைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ‘ஜுகாட்’ என்ற சொல்மீது தீராத காதல். இருப்பதை வைத்து ஒப்பேற்றும் மேதைமை, கருவியின்றிக் கருவி செய்யும் கைத்திறன், கத்தி முனையையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் திருப்புளியாக்கும் படைப்பூக்கம் என ஆய்வரங்குகளில் இது வியந்து பேசப்படுகிறது. ஏழையின் இல்லாமைக்குக் கோட்பாட்டுச் சட்டை மாட்டும் வேலை இது. 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் தையல் பட்டறை ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். தையல் எந்திரத்தில் இன்றும் ஒற்றை வெட்டுத் திருகாணிகளே மிகுதி. ஊசியின் அடியிலுள்ள தகட்டைக் கழற்ற வேண்டுமானால், மேலே ஊசித்தண்டு இருப்பதால் நீளமான கருவி நுழையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைத் திருப்புளி வேண்டும். அதன் வாயும் வெட்டின் அகலத்துக்கும் தடிப்புக்கும் சரியாக இருக்க வேண்டும். மெலிந்த வாய் வெட்டின் ஓரத்தைப் பிய்த்துவிடும். இது தெரியாமல் எந்தத் தையல் பட்டறையும் ஒரு மாதம் ஓடாது. அங்கே நாணயத்தால் திருகுவதில்லை; அதற்கென்றே ஒதுக்கிய கருவி எந்திரத்தின் மேசை இழுப்பறையில் இருக்கும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலோடு தாராவியைக் கட்டியெழுப்பியவர்களின் வழித்தோன்றல்கள் கருவியின் கூர்மையை எப்போதும் அறிந்தே இருந்தார்கள். ஒப்பேற்றுவது அவர்களுக்கு வேறு வழியற்ற நாளின் செயல். அதைக் கொண்டாடுபவருக்கோ அது தன் சோம்பலுக்குக் கிடைத்த மேற்கோள்.

சரி, எதை வாங்குவது?

கைப்பிடிக்குள்ளேயே முனைகளை வைத்துக்கொள்ளும் ஒற்றைத் திருப்புளி என்பது நல்ல யோசனை. பெட்டி வேண்டாம், பை வேண்டாம், தேடலும் வேண்டாம். ஆனால் அந்த யோசனை உயிரோடிருக்க ஒரு நிபந்தனை உண்டு: முனைகள் எங்கும் கிடைக்கும் பொது அளவினவாக இருக்க வேண்டும். உலகெங்கும் வழங்கும் அளவு கால் அங்குல அறுகோணம், அதாவது 6.35 மி.மீ. மின்துளைக் கருவிக்கு விற்கும் முனையும் இதே அளவுதான். இந்த அளவில் இருந்தால் எந்த நிறுவனத்தின் முனையையும் எந்த நிறுவனத்தின் கைப்பிடியிலும் செருகலாம். தேய்ந்ததை எறிந்துவிட்டு இன்னொன்றை வாங்கினால் கைப்பிடி பத்தாண்டு நிற்கும். தனக்கென்று ஒரு தனி அளவை வைத்திருக்கும் திருப்புளி, முதல் முனை மழுங்கிய நாளில் இறந்துவிடுகிறது. 32 முனைப் பெட்டிகள் பலவற்றில் முனைகள் 4 மி.மீ. அறுகோணத்தில் இருக்கும். கடிகாரம், கைப்பேசி, மடிக்கணினி போன்ற நுண்வேலைக்கு அது சரியான அளவே. கதவுக் கீலுக்கும் மின்விசிறிக்கும் அதைக் கொண்டுபோவதுதான் கொடுமை. நுண்வேலைக்குத் தனித் தொகுப்பு ஒன்று தேவையென்றால் தனியாகவே வாங்க வேண்டும். இரண்டையும் ஒன்றில் அடக்குவதாகச் சொல்பவர் இரண்டையும் தரவில்லை.

இனி, எத்தனை முனைகள்? ஜார்ஜ் ஜிப்ஃப் பெயரால் வழங்கும் விதியை மொழியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கிறார்கள். ஒரு பனுவலில் மிகச் சில சொற்களே மிகப் பெரும்பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; மற்றவை ஓரிரு முறை தலைகாட்டும். முனைகளின் புழக்கமும் ஏறத்தாழ அப்படித்தான். வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் ஃபிலிப்ஸ் 2 என்பது ‘ஒரு’, ‘அந்த’, ‘என்று’ போன்ற சொல். ஓயாமல் வரும், ஓயாமல் தேயும். ஆகவே அறிவுள்ள சேமிப்பில் ஃபிலிப்ஸ் 2 இரண்டு இருக்க வேண்டும். முக்கோண முனை ஒன்றுகூட வேண்டாம். அதோடு ஃபிலிப்ஸ் 1, போசிட்ரிவ் 2, 4 மி.மீ. அளவிலும் 6 மி.மீ. அளவிலும் இரண்டு சப்பை வாய்கள், நாற்காலி மேசைகளுக்காக 4 அல்லது 5 மி.மீ. அறுகோண முனை, வேண்டுமானால் டார்க்ஸ் ஒன்று. ஏழெட்டுக்கு மேல் போகத் தேவையில்லை. ஜே.ஐ.எஸ். முனை இருசக்கர வண்டி வைத்திருப்பவர்க்கு.

சேமிப்பு அமைப்பில்தான் வடிவமைத்தவரின் நேர்மை தெரியும். மலிவான அமைப்பு, கைப்பிடியைக் குடைந்து அடியில் ஒரு மூடியைப் போடுவது. முனைகள் உள்ளே கிலுகிலுப்பைபோல் குலுங்கும். ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்ட வேண்டும். அவற்றில் ஒன்று நாற்காலிக்கடியில் உருண்டோடும். எது தொலைந்தது என்பது அடுத்த முறை தேவைப்படும்போதுதான் தெரியவரும். இதைவிட மேலானது, கைப்பிடியின் அடியை இழுத்தால் தோட்டா உறைபோல் ஒரு தாங்கி வெளியே வர, அதில் முனைகள் தத்தம் பள்ளத்தில் நிற்கும் அமைப்பு. கனடாவின் மெகாப்ரோ நிறுவனம் இதனால் பெயர்பெற்றது. இதன் நன்மை எளிது: காலிப் பள்ளம் கண்ணில் படும். பலர் கைமாறும் ஆய்வுக்கூடத்தில் இது ஒன்றே போதும் அதைத் தேர்ந்தெடுக்க. வேறொரு வகையில் தண்டே சேமிப்பிடம்: இருபுறமும் முனைகொண்ட இரண்டு துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் செருகினால் நான்கு முனை, துண்டுகளை எடுத்துவிட்டால் தண்டின் இரு வாய்களும் நட்டுத் திருகும் குழல்களாகும். அமெரிக்க மின்பணியாளர் இதை விரும்புகிறார்கள். உறுதியானது, குலுங்காதது. ஆனால் அந்த இருமுனைத் துண்டு பொதுக்கடைகளில் தனியாகக் கிடைப்பதில்லை என்பதால் இங்கே அதைப் பரிந்துரைப்பது கடினம்.

மும்பையின் சூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூடிய கைப்பிடிக்குள் வியர்வையோடு திரும்பப்போகும் கறுப்பு முனைகள் துருப்பிடிக்கும். தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் துடைத்துவைத்தால் போதும்.

நீளம் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ் வீடுகளுக்கு அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ எந்தச் சமையலறையிலும் மிக்ஸி உண்டு. அதைக் கவிழ்த்துப் பார்த்தால், அடித்தட்டின் மூலைகளில் குழாய்போல் ஆழ்ந்த துளைகள் தெரியும். திருகாணி அந்தக் குழாயின் அடியில் இருக்கும். பொதுவாகக் கிடைக்கும் முனை 25 மி.மீ. நீளம், அதில் தாங்கிக்குள் புதைவது போக வெளியே நீள்வது ஒன்றரை செ.மீ. அளவே. அதன்பின் வரும் தாங்கியோ தடிமனானது, துளைக்குள் நுழையாது. முனை திருகாணியைத் தொடுவதற்கு முன்பே தாங்கி வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லா முனையும் இருந்தும் மிக்ஸி திறக்காது. எனவே தண்டின் வாய் மெலிந்திருக்க வேண்டும். இல்லையேல் 50 மி.மீ. நீள முனையைக் கைப்பிடி உள்ளே வைத்துக்கொள்ளவாவது இடமளிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை முனை?’ என்பதன்று, ‘மிக்ஸிக்குள் போகுமா?’ என்பதே.

மிக்ஸி என்று சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. இந்தியச் சமையலறைக்கென்று சுமீத் மிக்ஸி உருவானது இதே மும்பையில். சீமென்ஸில் பணியாற்றிய பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டிலிருந்த ஜெர்மன் அரைவை எந்திரம் பழுதாகி, சரிசெய்ய வழியில்லாமல் போனதுதான் தொடக்கம் என்பது பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. திறந்து பார்க்கத் துணிந்த ஒருவரால் உளுந்து அரைக்கும் எந்திரம் கிடைத்தது. இன்று அந்த மிக்ஸியின் அடித்தட்டைத் திறக்கத் தெரியாதவர்கள் பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். 2022 சூலையில் நடுவண் நுகர்வோர் நலத்துறை அதற்கென ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசலும் திறந்தது. நல்லதே. ஆனால் உரிமைக்கு ஒரு கைப்பிடி வேண்டும், அதன் நுனியில் பொருந்தும் முனையும் வேண்டும். 2009-இல் ஆப்பிள் தன் மடிக்கணினியின் மின்கலத்தை ஐந்திதழ்த் திருகாணியால் பூட்டியபோது, அது முனையின் மொழியில்தான் பேசியது: நீ திறக்காதே.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘குரோம் வனேடியம்’ என்ற பொறிப்பைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. யார் வேண்டுமானாலும் எதன்மேலும் பொறிக்கலாம். எஸ்2 என்னும் அதிர்வு தாங்கும் கருவி எஃகு முனைகளுக்கு நல்லது, ஆனால் அதையும் பொறிப்பை நம்பியே வாங்க வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடியவை வேறு: வகையும் அளவும் முனையின் உடலில் பொறிக்கப்பட்டுள்ளனவா, சிறகின் விளிம்புகள் கூராக உள்ளனவா, நான்கு சிறகும் ஒத்திருக்கின்றனவா. கண்ணாடிபோல் மின்னும் தடித்த முலாம் முனையின் மேல் இருந்தால் ஐயப்படலாம். முலாம் விளிம்பை மழுக்கும், பின்னர் உரியும். பொறிப்பில்லாத முனையை வாங்கவே கூடாது.

கைப்பிடியின் தடிமன் அழகுக்கானது அன்று. கைவிசை அதேயாக இருக்க, விட்டம் இருமடங்கானால் முறுக்கும் இருமடங்காகும். 32 முனைப் பெட்டியின் சுண்டுவிரல் தடிமனுள்ள கைப்பிடியால் கதவுக் கீலை முடுக்க முயல்பவரின் முகம் சிவப்பதற்கு இதுவே காரணம். ராட்செட் வசதியானது, ஆனால் மலிவான ராட்செட் நடுவேலையில் பல் நழுவும். நல்லது வாங்கப் பணம் இல்லையென்றால் ராட்செட் இல்லாததை வாங்குவதே மேல்.

இந்திய வீடுகளுக்கென்று ஒரு பழைய வடிவமும் உண்டு: ஒரே கைப்பிடி, மாற்றிச் செருகும் நான்கைந்து தகடுகள், கைப்பிடிக்குள் ஒரு நியான் விளக்கு. நாசிக்கில் ஆலை கொண்டுள்ள தபாரியா உள்ளிட்ட நிறுவனங்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. கைப்பிடிக்குள் விளக்கு குடியிருப்பதால் தகடுகளுக்கு அங்கே இடமில்லை. அவை தனி உறையில் கிடக்கும், தொலையும். இருந்தும் இதில் நீண்ட மெல்லிய தண்டு உண்டு, மிக்ஸிக்குள் போகும். 32-ஐ விட இந்த 5 மேலானது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. கைப்பிடியில் பிளாஸ்டிக் இருப்பதால் எந்தத் திருப்புளியும் மின்காப்புள்ளதாகிவிடாது. முனை மாற்றும் திருப்புளியில் தாங்கி வெற்று உலோகம். 230 வோல்ட் ஓடும் இடத்தில் முதலில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். மின்பணிக்கென்று தனியே வாங்குவதானால் ஐ.இ.சி. 60900 தரநிலையின்படி 1000 வோல்ட் குறியும் இரட்டை முக்கோணமும் உள்ளதை வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது அறிவன்று.

இவ்வளவும் தெரிந்தாலும், நிறுவனங்கள் வாங்கும் முறை இதைத் தோற்கடிக்கிறது. 2017-இன் பொது நிதி விதிகளுக்குப் பின் நடுவண் அரசு நிறுவனங்கள் ஜெம் தளத்தின் வழி வாங்குகின்றன. குறைந்த விலைப்புள்ளி வெல்கிறது. அதைப் பழித்துப் பயனில்லை. குறைந்த விலைக்கு எது கிடைக்க வேண்டும் என்று எழுதுவது விதி அன்று, துறை. ‘திருப்புளித் தொகுப்பு, 32 துண்டுகள்’ என்று எழுதினால் 32 துண்டுகள் வரும். ‘6.35 மி.மீ. அறுகோணத் தாங்கி, வகையும் அளவும் பொறித்த முனைகள், கைப்பிடிக்குள் ஒவ்வொரு முனைக்கும் தனிப் பள்ளம், ஃபிலிப்ஸ் 2 இரண்டு’ என்று எழுதினால் வேறொன்று வரும். சொற்களைத் தொழிலாகக் கொண்டவர்கள் வாழ்நாளில் எழுதும் மிகப் பயனுள்ள வாக்கியம் அதுவாகக்கூட இருக்கலாம். அதை எழுத்தரிடம் தள்ளிவிட்டுப் பிறகு ஆய்வுக்கூடத்தில் கருவியில்லை என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது.

மறுகோடியில் நிற்பவர்களும் உண்டு. 2022-இல் கனடாவின் யூடியூப் நிறுவனம் ஒன்று 70 டாலர் அளவில் ஒரு ராட்செட் திருப்புளியை வெளியிட்டது. அதைக் கடல்கடந்து வரவழைப்பதே முறை என்பவர்கள் அவர்கள். அதன் அமைப்பில் குறைசொல்ல அதிகம் இல்லை: பொது அளவு முனை, இழுத்தால் வரும் தாங்கி. அந்த இரண்டையும் கற்றுக்கொண்டால் போதும். ஒரு மாத உதவித்தொகையில் ஐந்தில் ஒன்றைச் செலவழிக்கத் தேவையில்லை. நல்ல பொறிப்புள்ள பத்து முனைகளும் பொது அளவுக் கைப்பிடி ஒன்றும் உள்ளூரிலேயே தனித்தனியாக வாங்கக் கிடைக்கின்றன.

‘கல்விப்புலத்துக்கு இது ஒரு பேசுபொருளா?’ என்ற முகச்சுளிப்பையும் விட்டுவிடலாகாது. மாட்டுங்காவில் மத்திய ரயில்வேயின் பெட்டிப் பணிமனை 1915-இல் அமைந்தது. 1887-இல் நிறுவப்பட்ட வி.ஜே.டி.ஐ. பின்னர் அதே பகுதிக்கு வந்தது. பணிமனையும் கல்லூரியும் ஒரே ரயில் நிலையத்தைப் பங்கிட்டுக்கொண்டவை. மராட்டியத்தில் கண்டே நவமி என்றும் தமிழரிடையே ஆயுத பூசை என்றும் வழங்கும் நாளில் நூலுக்கும் உளிக்கும் ஒரே சந்தனம் வைக்கப்படுகிறது. மறுநாள் நூல் அலமாரிக்குப் போகிறது. உளிக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால் எழுத்தறிந்தவர்களில் பலருக்கு விடை தெரியாது.

வாங்கும் இடம் தொலைவில் இல்லை. மாட்டுங்காவிலிருந்தும் சயனிலிருந்தும் மத்திய வழித்தடத்தில், செம்பூரிலிருந்து துறைமுக வழித்தடத்தில், மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி நடந்தால் நாக்தேவி தெரு. கைக்கருவிகளுக்கென்றே ஒரு தெரு. போகும்போது வீட்டிலிருக்கும் நல்ல 25 மி.மீ. முனை ஒன்றையும், அன்றாடம் தொல்லைதரும் திருகாணி ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் கைப்பிடியைக் கேட்டு வாங்கி அந்த முனையைச் செருகிப் பார்த்தால், ஆட்டம் இருக்கிறதா என்பது உடனே தெரியும். பிறகு கடையின் முனையைத் திருகாணியில் பொருத்திக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். காந்தமில்லாத முனையிலும் திருகாணி விழாமல் நின்றால் பொருத்தம் உண்டு. ‘ஸ்டார்’ என்று கேட்காமல் ஃபிலிப்ஸ் இரண்டு, போசிட்ரிவ் இரண்டு என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு இழுப்பறையைத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.